தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டிரெய்லர் சரி, அதை எப்படி ஏற்றிக் கட்டி இழுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், எடை 1400 கிலோ, முன் பம்பரின் அடிவிளிம்பு தரையிலிருந்து 120 மி.மீ. உயரம். இழுக்க 2500 கிலோ வரை அனுமதி உள்ள எஸ்யூவி இருக்கிறது. நண்பர் ஒருவர், தளம் அரை மீட்டர் உயரமும் ரேம்ப் 1.8 மீட்டர் நீளமும் உள்ள திறந்த டிரெய்லரை விற்கிறார். அதை வாங்கலாமா, மூடிய டிரெய்லருக்குப் போகலாமா, பெல்ட்டை எங்கே மாட்டுவது? இதற்குள் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. கார் அடிபடாமல் ஏறுமா என்பது ஒன்று. ஏறிய பிறகு ரோட்டில் அலையாமல் வருமா என்பது மற்றொன்று. முதலாவது தவறினால் பம்பர் போகும். இரண்டாவது தவறினால் உயிர் போகும். எல்லோரும் முதலாவதைப் பற்றியே கேட்கிறார்கள் என்பதால் இரண்டாவதற்கு இங்கே கூடுதல் இடம் தருகிறேன்.

மூடிய டிரெய்லர் பேச்சை எடைக் கணக்கு உடனே முடித்துவிடும். இந்த அளவுக் காரைச் சுமக்கும் இரட்டை ஆக்சில் திறந்த டிரெய்லர் இரும்பில் 700 முதல் 900 கிலோ, அலுமினியத்தில் அதைவிடக் குறைவு. மூடியது 1200 கிலோவுக்குக் கீழே கிடைப்பது அரிது. கார் 1400, திறந்த டிரெய்லர் 750, உபரி டயர், ஜாக்கி, கருவிகள் எல்லாம் சேர்த்து 150 என்றால் மொத்தம் 2300 கிலோ. உங்கள் எஸ்யூவிக்கு இது சரி, ஆனால் மிச்சம் அதிகமில்லை. மூடியதில் 2750 ஆகிவிடும், அனுமதியைத் தாண்டும். காற்று மோதும் பரப்பும் அதில் மிக அதிகம். ஆகவே திறந்த டிரெய்லர்தான். கல்லடிக்குப் பயந்தால் டிரெய்லரின் முன்னால் ஒரு தடுப்புத் தகடு போடுங்கள். காருக்கு உறை மாட்டி ஓட்டாதீர்கள்: காற்றில் படபடக்கும் துணி சில மணி நேரத்தில் பெயின்ட்டைத் தேய்த்துவிடும். 1400 என்பது கையேட்டில் பார்த்த எண்ணாக இருந்தால், ஒருமுறை எடை மேடையில் நிறுத்தி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி ஏற்றம். காரைச் சமதளத்தில் நிறுத்தி டேப்பை எடுத்து மூன்று அளவு எடுங்கள்: முன் விளிம்பின் உயரம், அந்த விளிம்பிலிருந்து முன் டயர் தரையைத் தொடும் இடம் வரையிலான தூரம், இரு ஆக்சில்களுக்கு நடுவே வயிற்றுப் பகுதியின் மிகத் தாழ்ந்த உயரம். நீங்கள் ஒன்றை மட்டும் தந்திருப்பதால், மற்றவற்றுக்கு இந்த வகைக் காருக்குப் பொருந்தும் எண்களை வைத்துக் கணக்கிடுகிறேன். உங்கள் அளவுகளைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். விளிம்பு 120 மி.மீ., தூரம் 900 மி.மீ. என்றால் கார் தொடாமல் ஏறக்கூடிய சரிவு ஏறத்தாழ 7.5 டிகிரி. வயிறு 115 மி.மீ., ஆக்சில்களின் இடைவெளி 2450 மி.மீ. என்றால், ரேம்ப் முடிந்து தளம் தொடங்கும் முனையில் கோணமாற்றம் 10.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அரை மீட்டர் உயரத் தளத்துக்கு 1.8 மீட்டர் ரேம்ப் தருவது 16 டிகிரி. அப்படியே ஏற்றினால் கீழே பம்பர் இடிக்கும். எப்படியோ அதைத் தாண்டினாலும் மேலே வயிறு உட்காரும். நேராக 7.5 டிகிரியில் ஏற்ற 3.8 மீட்டர் ரேம்ப் வேண்டும். அதை யாரும் சுமந்து திரிவதில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, ரேம்ப்பின் அடியில் பலகை போடுவது. அது உதவும், ஆனால் நினைக்கும் அளவுக்கு அல்ல. முன் சக்கரம் பலகையின் உச்சிக்கு வரும்போது பின் சக்கரம் இன்னும் தரையில்தான் இருக்கும். கார் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறதோ அந்த அளவுதான் உங்களுக்கு லாபம். பலகையின் சரிவு எவ்வளவு என்பது கணக்கில் வராது. 100 மி.மீ. உயரப் பலகை, 2450 மி.மீ. ஆக்சில் இடைவெளியுள்ள காரை 2.3 டிகிரிதான் நிமிர்த்தும். 150 மி.மீ. என்றால் 3.5 டிகிரி. இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: டிரெய்லரின் மூக்கை ஜாக்கியால் உயர்த்துவது. கப்ளரை, அதாவது மூக்கு நுனியில் எஸ்யூவியோடு பூட்டும் பகுதியை, 100 மி.மீ. உயர்த்தினால், ஆக்சில் அங்கிருந்து 4 மீட்டரிலும் வால் அதற்குப் பின்னால் 2 மீட்டரிலும் இருக்கும் டிரெய்லரில் வால் 50 மி.மீ. இறங்கும், தளமும் 1.4 டிகிரி பின்னால் சாயும். இப்போது கணக்கைப் பாருங்கள். தளத்தின் வால் 450 மி.மீ. உயரத்தில், ரேம்ப்பின் அடி 150 மி.மீ. பலகையின் மேல், நடுவே 300 மி.மீ. ஏற்றத்தை 1.8 மீட்டர் ரேம்ப் கடக்கும் சரிவு 9.6 டிகிரி. கார் ஏற்கெனவே 3.5 டிகிரி நிமிர்ந்திருப்பதால் 11 டிகிரி வரை தாங்கும். மேல் முனையில் கோணமாற்றம் 8.2 டிகிரி, வயிறும் தப்பும். பலகை ஒன்றரை மீட்டர் நீளம் இருந்தால் அதன் சொந்தச் சரிவு 5.7 டிகிரி, அதிலும் பிரச்சினையில்லை. ஆக, நண்பரின் டிரெய்லர் உங்களுக்குப் பயன்படும், இந்த இரண்டையும் ஒவ்வொரு முறையும் செய்யத் தயாராக இருந்தால். ஓரிரு டிகிரி இடைவெளியில் நடக்கும் வேலை என்பதால் தரை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

தளம் முழுவதுமாகச் சாயும் டிரெய்லர் கிடைத்தால் அதை விரும்புவேன். கார் ஒரே நேர்கோட்டில் ஏறுவதால் வயிறு உட்காரும் பிரச்சினை அதில் கிடையாது. ஆனால் சாயும் தளம் என்றாலே போதும் என்று நம்பி வாங்க வேண்டாம். சாய்ந்த நிலையில் அது எத்தனை டிகிரி என்று கோணமானியை வைத்துப் பாருங்கள். 10 டிகிரி என்றால் உங்கள் பம்பர் அதிலும் இடிக்கும். அடியில் ஒரு பலகை அதற்கும் தேவைப்படும்.

காரை ரிவர்ஸில் ஏற்றினால் பம்பர் தப்பும் என்று சிலர் சொல்வார்கள். குட்டை ரேம்ப்பில் அது பொய். பின் சக்கரம் அரை மீட்டர் உயரத் தளத்தைத் தொட்டு, முன் சக்கரம் இன்னும் தரையில் இருக்கும் கணத்தில் கார் 11.8 டிகிரி மூக்கு குப்புறச் சாய்ந்திருக்கும். 7.5 டிகிரிதான் தாங்கும் பம்பர் அப்போது தரையில் உரசும்.

டிரெய்லரைப் பார்க்கப் போகும்போது மட்கார்டையும் பாருங்கள். சக்கரங்கள் தளத்துக்கு இருபுறமும் நிற்கும் வகை டிரெய்லரில், தாழ்ந்த காரின் கதவு மட்கார்டில் இடித்துத் திறக்காது; ஓட்டி ஏற்றியவர் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கழற்றக்கூடிய மட்கார்டு இருக்க வேண்டும், அல்லது வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்து ஆள் உள்ளே இல்லாமலே ஏற்ற வேண்டும். தாழ்ந்த காருக்கு வின்ச்தான் நல்லது. ஒவ்வொரு அங்குலமாக ஏற்றி, நிறுத்தி, குனிந்து பார்க்கலாம். 10 டிகிரி சரிவில் 1400 கிலோ காரை இழுக்க 250 கிலோ விசையும், உருளும் தடைக்குக் கொஞ்சமும் போதும். காரின் எடைக்குக் குறையாத திறனுள்ள வின்ச் வாங்கினால் அது திணறாது. இரும்புக் கம்பியைவிட செயற்கை இழைக் கயிறு பாதுகாப்பானது, அறுந்தால் அவ்வளவு வேகத்தில் சுழன்று அடிக்காது. பம்பரில் திருகும் இழுவை வளையத்தை முழுவதும் திருகுங்கள்; பல கார்களில் அது இடப்பக்கமாகத் திருக வேண்டிய மரை. ஸ்டீயரிங் பூட்டு விழாமல் சாவி ஆன் நிலையில் இருக்கட்டும். இன்ஜின் ஓடாதபோது பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும், அதன்பின் கல்லாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஏற்றும்போது பலர் எதிர்பாராத ஆபத்து ஒன்று உண்டு. காரின் எடை முழுவதும் டிரெய்லரின் வாலில் இருக்கும் சில நொடிகளில் டிரெய்லர் ஒரு சீசா போல நடந்துகொள்ளும்: வால் இறங்கும், மூக்கு எழும்பும். மேலே சொன்ன அளவுகளில் ஹிட்ச்சை, அதாவது டிரெய்லரை மாட்டும் எஸ்யூவியின் பின் இணைப்பை, மேல்நோக்கித் தூக்கும் விசை 300 கிலோ வரை போகும். அது எஸ்யூவியின் பின் சக்கரங்களிலிருந்து பாரத்தை எடுத்துவிடும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது அந்தப் பின் சக்கரங்களைத்தான். பிடிப்பு போனால், கார் பாதி ரேம்ப்பில் இருக்கும்போதே எல்லாம் சேர்ந்து உருளத் தொடங்கும். அதனால் எஸ்யூவியின் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, டிரெய்லர் சக்கரங்களுக்கும் கட்டை, வாலின் இரு மூலைகளிலும் தாங்கு கால்களை இறக்கி வைப்பது ஆகிய மூன்றும் முடிந்த பிறகுதான் கார் ரேம்ப்பைத் தொட வேண்டும். ஹிட்ச்சிலிருந்து கழற்றிய டிரெய்லரில் ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. காரைத் தளத்தில் எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதுதான் டிரெய்லர் அலையுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆக்சிலுக்குப் பின்னால் பாரம் அதிகமானால், ஒரு லாரி காற்றை வீசிக் கடந்தாலே டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒரு வேகத்துக்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். ஹிட்ச்சில் கீழ்நோக்கி இறங்கும் பாரம் போதுமான அளவு இருக்க வேண்டும். எவ்வளவு என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. வட அமெரிக்காவில் மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். ஐரோப்பாவில் 4 முதல் 7 சதவீதம். அங்கே பல கார்களின் ஹிட்ச் 75 அல்லது 100 கிலோவுக்கு மேல் தாங்கும்படி அனுமதிக்கப்படுவதில்லை, இழுக்கும் வேகமும் குறைவு. எந்த மரபானாலும், உங்கள் எஸ்யூவியின் ஹிட்ச் தகட்டிலும் கையேட்டிலும் எழுதியிருக்கும் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள் எவ்வளவு அதிகம் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது என்பது என் கருத்து.

உங்கள் எஸ்யூவி 180 கிலோவை ஏற்கும் என்று வைத்துக்கொள்வோம். காலி டிரெய்லரே ஹிட்ச்சில் 50 கிலோ தருகிறது என்றால் மீதி 130 கிலோவைக் கார் தர வேண்டும். கப்ளரிலிருந்து ஆக்சில்களின் நடுப்புள்ளி 4 மீட்டர் என்றால், 1400 கிலோ காரின் எடை மையம் ஆக்சில் நடுவிலிருந்து 37 செ.மீ. முன்னால் இருக்க வேண்டும். இங்கேதான் பின்னால் இன்ஜின் உள்ள கார் மற்றவற்றிலிருந்து மாறுபடுகிறது. எடை முன்னே 42, பின்னே 58 சதவீதம் என்றால் மையம் முன் ஆக்சிலிலிருந்து 1.42 மீட்டர் பின்னால் விழும். எனவே முன் சக்கரம் டிரெய்லர் ஆக்சில் நடுவுக்கு 1.8 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், அதற்கும் முன்னால் பம்பர் கிட்டத்தட்ட இன்னொரு மீட்டர் நீளும். முன் இன்ஜின் காருக்கென்று தளத்தில் முன்தடுப்பு வைத்த டிரெய்லரில் உங்கள் கார் அந்த இடத்துக்கே போகாது. நண்பரின் டிரெய்லரில் இதை அளந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

காரை 10 செ.மீ. முன்னால் தள்ளினால் ஹிட்ச் பாரம் 35 கிலோ கூடும், பின்னால் தள்ளினால் அதே அளவு குறையும். அவ்வளவு நுட்பமான விஷயம் என்பதால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எடை போடுங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் இயந்திரம் போதும். ஒரு கனமான பலகையின் ஒரு முனையை இரும்புக் குழாய்த் துண்டின் மேலும், 120 செ.மீ. தள்ளி மறு முனையை எடை இயந்திரத்தின் மேலும் வையுங்கள். குழாயிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் கப்ளரைப் பலகையின் மேல் இறக்குங்கள். இயந்திரம் காட்டுவதில், பலகை மட்டும் இருந்தபோது அது காட்டியதைக் கழித்து நான்கால் பெருக்கினால் ஹிட்ச் பாரம். சமதரையில், டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹிட்ச் பால் (கப்ளர் உட்காரும் இரும்பு உருண்டை) இருக்கும் உயரத்திலேயே அளக்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் முன் டயர் நிற்கும் கோட்டைத் தளத்தில் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். அடுத்த முறை அளக்கத் தேவையில்லை.

மாட்டிய பிறகு டிரெய்லர் தளம் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இரட்டை ஆக்சிலில் மூக்கு தூக்கியிருந்தால் பின் ஆக்சில் மீது பாரம் கூடும். பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்) சஸ்பென்ஷனில் இரு ஆக்சில்களும் பாரத்தை ஓரளவு பகிர்ந்துகொள்ளும். ரப்பர் முறுக்கு ஆக்சிலில் அது நடக்காது. பாலும் கப்ளரும் ஒரே அளவுதானா என்று இரண்டிலும் பொறித்த எண்ணைப் படியுங்கள். 50 மி.மீ. பாலும் 2 அங்குலப் பாலும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், ஒன்றல்ல. பூட்டிய பின் ஜாக்கியால் மூக்கைக் கொஞ்சம் தூக்குங்கள்: எஸ்யூவியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு விழுந்திருக்கிறது என்று பொருள்.

கட்டுவதற்கு, தாழ்ந்த காருக்கு டயரைச் சுற்றிப் பிடிக்கும் பெல்ட்டுகளையே பரிந்துரைப்பேன், நான்கு டயருக்கும் ஒவ்வொன்று. ஏற்றிய பின் சேசிஸுக்குக் கை நுழையாத காரில் வேறு வழி குறைவு என்பது ஒரு காரணம். சக்கரம் தளத்தோடு இறுகி நிற்க, பாடி தன் ஸ்பிரிங் மேல் தானாக அசையும் என்பது அதைவிட முக்கியமான காரணம். பெல்ட்டைக் கீழ்க்கை எனப்படும் அலுமினிய சஸ்பென்ஷன் கையில் சுற்றாதீர்கள், பக்கத்திலேயே பிரேக் குழாயும் சென்சார் வயரும் ஓடுகின்றன. சக்கரக் கம்பிகளுக்குள் கொக்கியை மாட்டாதீர்கள். இழுவை வளையம் நேராக இழுப்பதற்கு. பக்கவாட்டில் கட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்குவதற்கு அல்ல. பல நாட்டு விதிகள் ஒத்துப்போகும் அளவு இது: பிரேக் அடிக்கும்போது முன்னோக்கி எடையில் 0.8 பங்கு, பக்கத்துக்கும் பின்னுக்கும் 0.5 பங்கு விசையைக் கட்டு தாங்க வேண்டும். உங்களுக்கு முன்னோக்கி 1120 கிலோ. 50 மி.மீ. அகல பெல்ட்டின் சீட்டில் எழுதியிருக்கும் வேலைச்சுமையைப் பாருங்கள், அறுபடும் சுமையை அல்ல. ஒன்றுக்கு 1500 கிலோ வேலைச்சுமை இருந்தால் நான்கு பெல்ட் தாராளம். பெல்ட் மாட்டும் வளையம் டிரெய்லரின் சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். மரப்பலகையில் போல்ட் போட்டு நிறுத்தியது உதவாது. சீட்டு கிழிந்த, ஓரம் வெட்டுப்பட்ட பெல்ட்டைத் தூக்கி எறியுங்கள். கட்டி முடித்ததும் வின்ச் கயிற்றைத் தளர்த்துங்கள், அது கட்டில் ஒரு பங்காகக் கூடாது.

இதுவரை கட்டுவது பற்றிச் சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. காரைக் கியரில் விடுவதா நியூட்ரலில் விடுவதா என்பதில் அனுபவசாலிகளே இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங் பூட்டின் சிறு பல் குலுங்கலில் அடிபடும் என்பது ஒரு தரப்பின் வாதம். டயரே அசையாதபடி கட்டியிருந்தால் அந்தப் பல்லுக்கு வேலையே இல்லை என்பது மறுதரப்பு. முதலில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கை விட்டு எடையை அதன் மேல் விட்டு, பிறகு கியரிலோ பார்க்கிலோ விட்டால் இரு தரப்பின் கவலையும் தீரும். சேசிஸில் கட்டுவோர் ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதிலும் இதேபோல் ஒருமித்த கருத்தில்லை. அலாரத்தின் சாய்வு உணரியை அணைக்க மறக்காதீர்கள். வழியெல்லாம் கத்தி பேட்டரியைத் தீர்த்துவிடும்.

பழைய டிரெய்லரில் முதலில் கெடுவது டயரும் பேரிங்கும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வயது தாண்டியதை மாற்றுங்கள். காற்றழுத்தம் குறைந்த டயர் சூடேறி வெடிக்கும், எனவே குளிர்ந்த நிலையில் பார்த்து நிரப்புங்கள். முதல் 15 கி.மீ.யில் நிறுத்தி பெல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், அவை கட்டாயம் தளர்ந்திருக்கும். அப்போதே ஒவ்வொரு சக்கர நடுவிலும் கையை நெருக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங்கோ ஒட்டிக்கொண்ட பிரேக்கோ காரணம், அதோடு பயணம் தொடராதீர்கள். வீல் நட்டுகளை 80 கி.மீ.க்குள் டார்க் ஸ்பேனரால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) ஒருமுறை சரிபாருங்கள்.

ஓட்டும்போது 80, 90 கி.மீ. வேகம் போதும், இறக்கத்தில் கீழ்க் கியர். அப்படியும் டிரெய்லர் அலையத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்த்திசையில் திருப்பித் திருத்த முயலாதீர்கள், எஸ்யூவியின் பிரேக்கை அழுத்தாதீர்கள். டிரெய்லருக்கு மின்சார பிரேக் தனிக் கட்டுப்பாட்டில் இருந்தால் அதை மட்டும் கையால் இழுங்கள். வேகம் கூட்டினால் நேராகும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்; ஆட்டத்தைப் பெரிதாக்குவதே வேகம்தான். அலைந்து நின்றால், காரை முன்னால் நகர்த்தாமல் மறுபடி கிளம்பாதீர்கள்.

இறக்கும்போது அவசரம் பலரைக் கவிழ்க்கிறது. ஏற்றும்போது வைத்த அதே கட்டைகளும் தாங்கு கால்களும் முதலில். பலகையையும் ரேம்ப்பையும் அதே அளவில் வைத்து முடியுங்கள், பெல்ட்டைக் கழற்றிய பின் ஓடித் தேடுவதாக இருக்கக் கூடாது. வின்ச் கயிற்றை மாட்டி இறுக்கிய பிறகுதான் முதல் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். நான்கும் கழன்றதும் தளத்தில் கிடக்கும் பெல்ட்டுகளை எடுத்துவிட்டு, காருக்குப் பின்னால் யாரும் இல்லையென்று பார்த்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, வின்ச்சால் மெல்ல இறக்குங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் முழங்காலிட்டுப் பம்பரின் அடிவிளிம்பையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். பின் சக்கரம் ரேம்ப்பிலும் முன் சக்கரம் இன்னும் தளத்திலும் இருக்கும்போது வயிற்றையும், முன் சக்கரம் பலகைக்கு வரும்போது பம்பரையும் அவர் பார்த்துச் சொல்லித்தான் நீங்கள் கயிற்றை விட வேண்டும்.